பூட்டு சார் எழுதிய துண்டுப்பிரசுரம்

இந்த வேலையையாவது உருப்படியாகச் செய்து காட்டுவது என்று பூட்டு சார் சபதம் எடுத்தார். அரசாங்கத்தில் அவருடைய உத்தியோகம் கொஞ்சம் விசித்திரமானது. குவாண்டம் கணினி என்று ஒன்று வரப்போகிறது, இன்றைக்குக் கணினிகளில் போட்டு வைத்திருக்கும் ரகசியப் பூட்டுகளையெல்லாம் அது திறந்துவிடும், அதற்குள் புதுப் பூட்டுக்கு மாறிவிடுங்கள் என்று வங்கி வங்கியாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்க் கெஞ்ச வேண்டும். ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கடைசியில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு துண்டுப்பிரசுரம் எழுத வேண்டும். அதை முதலில் வீட்டில் ஒருத்தரிடம் கொடுத்து, ‘புரிந்தது’ என்று கையெழுத்து வாங்கி வரவேண்டும்.

பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினார். பழைய பூட்டு எப்படி உடையும் என்பதற்கு, ஓர் எழுத்துக்குப் பதில் இன்னோர் எழுத்தைப் போட்டு எழுதும் அந்தக்காலச் சங்கேதத்தை உதாரணம் காட்டினார். அடிக்கடி வருகிற எழுத்து எது என்று எண்ணிப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும் என்று படிப்படியாக விளக்கினார். அடியில் கொட்டை எழுத்தில், ‘திருடன் இன்றே பூட்டோடு தூக்கிப்போவான், திறக்கிற வழி தெரிந்ததும் திறப்பான்’ என்று ஒரு எச்சரிக்கை.

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை நாலு நாள் படித்தாள். பென்சிலும் கையுமாகச் சந்தேகம் வேறு கேட்டாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவருடைய ஆபீஸ் கதையை அவள் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதே இல்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். மனுஷன் உச்சி குளிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, ஏற்கெனவே எடுத்துட்டுப் போனதை உங்க புதுப் பூட்டு காப்பாத்தாதா?"

"காப்பாத்தாது. போனது போனதுதான்."

"அப்ப சரி" என்று கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தாள். கையெழுத்து அவளுடையது. ஆனால் உள்ளே இருந்த தலைகால் புரியாத சங்கேதம் பூட்டு சாருடையது.

கல்யாணமான புதிதில் அவர் இதே எழுத்து மாற்றும் சங்கேதத்தில் டைரி எழுதுவார். எழுதிவிட்டு டிரங்குப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைப்பார். மகள் பிறந்த வருஷம் அதைக் கிழித்தும் போட்டுவிட்டார். அதற்கு முன்பே, அவர் ஆபீஸ் போன பகல்களில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் புரியாமல் இவள் வரி வரியாக நகல் எடுத்திருக்கிறாள். எவளுக்கோ எழுதுகிறார் என்று நினைத்தாளாம். அந்த நினைப்பு இத்தனை வருஷமாக மனசை அரித்துக்கொண்டே இருந்ததாம்.

நாலு நாள் பென்சிலும் கையுமாக எழுத்தெண்ணிக் குட்டை உடைத்தவள் இப்போது கணீரென்று படித்தாள். "‘இன்று வேண்டுமென்றே சோற்றை அடிப்பிடிக்க விட்டேன். கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, இனி அடுப்புப் பக்கமே வராதீர்கள் என்றாள். நண்பர்கள் நாலு பேருக்கு மூன்று வருஷம் சமைத்துப் போட்டவன் நான். இனி ஆயுசுக்கும் விடுதலை.’"

பூட்டு சார் நாற்காலிக்குள் சுருங்கினார். அவள் நிறுத்தவில்லை. "‘புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் போலிருந்தது. நாளைக்குச் சொல்வோம்.’"

அங்கே நோட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள். பூட்டு சாருக்கு அவர்கள் முதலில் குடியிருந்த வீடு ஞாபகம் வந்தது. மாடியில் அந்த ஒற்றை அறை, தலையில் இடிக்கும் நிலைப்படி, ஒரே ஸ்டவ், இரண்டே தட்டு. சாயங்காலம் அவர் படியேறும் சத்தம் கேட்டாலே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள். அந்த நாட்கள் இனி எங்கே வரப்போகின்றன என்று ஏங்கினார்.

"எவ்வளவு சந்தோஷமா இருந்தோம் இல்ல?" என்றார், மெதுவாக. தப்பித்துக்கொள்ள அதுவே நல்ல வழியாகவும் தோன்றியது.

"ஆமாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எந்திரிங்க. அரிசி களைஞ்சு வெச்சிருக்கேன்."

போனார். கை எதையும் மறந்திருக்கவில்லை. ஆனால் இருபத்தெட்டு வருஷ விடுமுறையை ஒரே நாளில் விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்? சத்தமில்லாமல் தீயைக் கூட்டிவிட்டு, ஜன்னல் வழியே தெருவை வேடிக்கை பார்த்தபடி நின்றார்.

கூடத்திலிருந்து பக்கம் புரட்டும் ஓசையும் பின்னாலேயே மனைவியின் குரலும் வந்தன.

"தீயைக் குறைங்க. எப்படித் தீய வெச்சீங்கன்னு அடுத்த பக்கத்துல விவரமா எழுதியிருக்கீங்க."