சீரியல்செட்டு அண்ணன் செய்த ஆட்டப் பலகை

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது ஐந்து, ஐந்தையும் ஆளாக்கினேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான் என் படிப்பு. நான் சொல்லச் சொல்லப் பேரன் எழுதுகிறான். ஆனாலும் அடித்துச் சொல்வேன்: காரைக்காலில் ‘டிஜிட்டல்’ என்ற சொல்லை முதலில் சொன்னவர் சீரியல்செட்டு அண்ணன்தான். கம்ப்யூட்டரெல்லாம் பிறகு வந்தது.

திருமலைராயன்பட்டினத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கோயிலோ, தர்காவோ, மாதா கோயிலோ, விளக்கு அலங்காரம் அவருடையது. ஒரு வருடம் மாங்கனித் திருவிழாவுக்கு, மாம்பழம் மேலிருந்து விழுவது போலச் சீரியல் பல்பு கட்டினார். பழம் கீழிருந்து மேலே போனது. பார்த்தவர்கள் சத்தம் போட்டார்கள். இவர் அசரவில்லை.

“ஏங்க, காரைக்கால் அம்மையாருக்குச் சாமி குடுத்த பழம் புருசன் கைக்கு வந்ததும் மறைஞ்சு போச்சுல்ல? மேலதான போயிருக்கும்?”

மரைக்காயர் ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்த, எண் ஓடும் கைக்கடிகாரத்தைப் பழுது பார்க்கக் கொடுத்தார். அண்ணன் பிரித்தார். அதோடு சரி.

“அண்ணே, எங்க என் வாட்ச்?”

“டிஜிட்டல்னா என்னான்னு புரிஞ்சுகிட்டேன் மரைக்காரே! எரியும், இல்லாட்டி எரியாது. நடுவுல ஒண்ணுமே கெடையாது!”

“நடுவுல என் வாட்ச் போச்சே!”

என் மூன்றாவது மகள் வளர்மதிக்கு ஏழு வயதில் காய்ச்சல் வந்து காது போய்விட்டது. அதற்கு முன்பே சலங்கை கட்டியவள். பத்து வயதில், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆடியே தீருவேன் என்று நின்றாள். நாட்டிய வாத்தியார் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“தாளம் கேக்காத புள்ளைய மேடை ஏத்தி, என் பொழப்பு சந்தி சிரிக்கணுமா? சரி, ஒரே தடவை. பிசகுனா சலங்கைய அவுத்துடணும், சொல்லிட்டேன்.”

ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனபோது அண்ணனிடம் சொல்லி அழுதேன்.

“காதுதான போச்சு தங்கச்சி? கண்ணு இருக்குல்ல?” என்றார்.

இரண்டு மாதம் என் வீட்டுக் கொல்லை தகரக்கடையானது. ஒரு பலகை செய்தார். அடியில் இரண்டிரண்டு தகரத் தகடு, நடுவே சைக்கிள் டியூப் துண்டு. கால் விழுந்தால் தகடுகள் ஒட்டும், முன்னால் பச்சை பல்பு எரியும். வாத்தியார் தாளத்துக்குத் தட்டுக்கழியால் அடிக்கிற மணைக்கு அடியிலும் இதே ஏற்பாடு. அங்கே அடித்தால் சிவப்பு. இரண்டும் சேர்ந்து எரிந்தால் தாளம் சரி. முதல் நாள் எங்கள் கோழி கூரையிலிருந்து அதன்மேல் குதித்தது. பச்சை பளிச்சென்றது.

“பாருங்க தங்கச்சி, கோழிக்கே தாளம் வருது!”

வளர்மதி ஒரே வாரத்தில் கோழியை மிஞ்சினாள்.

விழா அன்று அண்ணன் டீ குடிக்கப் போன நேரம், நான் மேடைக்குப் போனேன். என் மகள் மிதிக்கிற பலகை தூசியாகக் கிடந்தால் எனக்குப் பொறுக்குமா? ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மாக்கோலமும் போட்டுவிட்டுத்தான் இறங்கினேன்.

ஆட்டம் தொடங்கியது. ஊறின பலகை தொய்ந்து தகடுகளை ஒட்டவைத்துவிட்டது. பச்சை அணையவே இல்லை. பிறகு எங்கோ புகைந்தது. பச்சையும் சிவப்பும் சேர்ந்தே போயின. வளர்மதி தூக்கிய காலோடு நின்றாள். முன்வரிசை சிரித்தது.

அண்ணன் கோலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேடைக்கு நேர் முன்னால் போய் நின்றார். கழி விழும்போது வலது கையை விரித்து மூடினார். அவள் கால் விழும்போது இடது கையை. தொப்பை குலுங்க, மனிதர் இரண்டு பல்பாக நின்றார்.

“யோவ், மறைக்குது! உக்காருய்யா!”

அவர் உட்காரவில்லை. வளர்மதி அந்தக் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசி அடி வரை பிசகவும் இல்லை. வாத்தியார் சலங்கையைப் பற்றி அப்புறம் பேச்சே எடுக்கவில்லை.

பலகைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம், “என் கனெக்‌ஷன் லூசுங்க” என்றார் அண்ணன். அன்று முதல் அவரைக் கண்டாலே, “என்னாண்ணே, எரியுதா, எரியலையா?” என்று ஊரே கேலி பேசியது. சாகும்வரை சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்று நானும் அந்தக் கேலியைக் காதில் வாங்கினேன். தண்ணீர் ஊற்றியது நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு வீம்பு. இப்போது சொல்லிவிட்டேன்.

எழுதிட்டியா தம்பி? எங்க, ஒரு தடவை வாசி. மெதுவா, வாயை நல்லா தொறந்து வாசிப்பா. உங்கம்மா உன் உதட்டையே பாத்துகிட்டு இருக்கா. அவளுக்கும் இது தெரியாது.