கஜானா கனக்கிறது

பெட்டியின் எடை நேற்று நாற்பத்தொரு கிலோ. இன்று நாற்பத்து மூன்றரை. தலைமைச் செயலகத்தின் முன்னால் திரண்டிருந்த கூட்டம் அந்த இரண்டரைக் கிலோவைப் பார்த்துக் கண்ணீர் விட்டது.

மூன்று வாரத்துக்கு முன் இதே கூட்டம் இதே இடத்தில் அழுகிய தக்காளியோடு நின்றது. கஜானா காலி என்று அரசு அறிவித்திருந்தது. ஆசிரியர்களுக்கு நான்கு மாதமாகச் சம்பளம் இல்லை. தெருக் குழாயில் தண்ணீர் இல்லை. அமைச்சர்களின் புது மாளிகைகளில் நீச்சல் குளம் மட்டும் நிரம்பியிருந்தது. கணக்கைக் காட்டு என்று கூட்டம் கத்தியது. நிதியமைச்சர் யோசித்தார். கணக்கைக் காட்டவில்லை, ஒரு மகானைக் காட்டினார்.

மகானின் தத்துவம் எளிமையானது. செலவு செய்ததால் கஜானா காலியாகவில்லை. மக்கள் குறை சொன்னதால் காலியானது. ஆகவே அவரவர் குறையைத் தாளில் எழுதி, மேடைத் தராசில் வைத்த இந்த இரும்புப் பெட்டியின் துவாரத்தில் போட்டு, மறந்துவிட வேண்டும். குறை இறங்க இறங்கப் பெட்டி கனக்கும். நூறு கிலோவைத் தொடும் நாளில் கஜானா நிரம்பிவிடும். துவாரத்துக்குக் கட்டணம் அரை நாள் கூலி. தக்காளி எறிந்தவர்கள் வரிசையில் நின்று கட்டினார்கள். சந்தையில் அழுகிய தக்காளி விலை சரிந்தது.

வரிசைக்கு வெளியே நின்றவர்களில் எடைக்காரம்மாவும் ஒருத்தி. கடைகளின் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துவது அவள் உத்தியோகம். அவளுக்கும் நான்கு மாதச் சம்பளம் பாக்கி. ஆனால் அவள் வந்தது அதற்காக அல்ல. அவளுடைய அக்கா காலையில் இந்தப் பெட்டியில் ஒரு மனுவைப் போட்டிருந்தாள்.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் நான்கு வருடம். அரசு மருத்துவமனையில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ். போன மாதம் அதை இரண்டாகக் குறைத்தார்கள். ஜெனரேட்டர் பழுதுபார்க்கப் போயிருக்கிறது, நிதி வந்தால் திரும்பும் என்றார்கள். அக்காவின் கால் செருப்புக்குள் நுழைய மறுத்தது. எடைக்காரம்மா படுக்கை படுக்கையாகப் போய் நாற்பத்தொரு நோயாளிகளிடம் கையெழுத்து வாங்கி, மனுவை அக்காவிடம் கொடுத்து வைத்தாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சட்டசபையில் பட்ஜெட் ஓட்டெடுப்பு. அதற்குள் மனு உள்ளே போக வேண்டும்.

அக்கா அதை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியிருந்தாள். கேட்டதற்கு அவள் சொன்னது இதுதான்:

"சட்டசபையில குடுத்தா யாரு படிக்கப் போறாங்க? பெட்டி ஏறுது. கண்ணால பார்த்தேன்டி."

எடைக்காரம்மா தங்கையாக அல்ல, எடை அதிகாரியாகக் கணக்குப் போட்டாள். ஒரு மனு ஐந்து கிராம். ஒரு நாளைக்கு இருநூறு பேர். ஆக ஒரு கிலோ. பெட்டி ஏறியதோ இரண்டரை. மீதி ஒன்றரைக் கிலோ எங்கிருந்து வந்தது?

தராசில்தான் வில்லங்கம் என்று முடிவு கட்டினாள். மறுநாள் தன் சோதனைக் கல்லோடு மேடை ஏறினாள். பத்துக் கிலோ பித்தளை, மரப்பெட்டியில் துணி சுற்றி வைத்தது. சட்டப்படி எந்தத் தராசையும் சோதிக்க அவளுக்கு உரிமை உண்டு. மகான் கும்பிட்டு வரவேற்றார். நான்கு பேர் இரும்புப் பெட்டியை இறக்கினார்கள். அவள் கல்லை வைத்தாள்.

பலகையில் எண் ஒளிர்ந்தது. பத்து. ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை.

கூட்டம் ஊளையிட்டது. முத்திரைக்காரிக்கே முத்திரை விழுந்துவிட்டது என்று யாரோ சொல்ல, மேடையில் நிதியமைச்சரின் தொப்பை குலுங்கியது. அவள் சோதனை மறுநாளே விளம்பரமாயிற்று. அரசு அதிகாரி சோதித்த தராசு என்று பதாகை கட்டினார்கள். மகான் தன் செலவில், அதாவது மக்களின் செலவில், ஒரு பித்தளைக் கல் வாங்கித் தினமும் வைத்துக் காட்டினார். தினமும் பத்து. வரிசை இரண்டு மடங்காயிற்று. ஒரு மோசடிக்கு நேர்மையான சாட்சியைப் போல லாபம் தருவது வேறில்லை.

புதன்கிழமை சந்தையில் வெங்காயக்காரரின் கற்களுக்கு முத்திரை குத்த உட்கார்ந்தாள். அவர் கேலியை மிச்சம் வைக்கவில்லை. மகானுக்குச் சான்றிதழ் கொடுத்த கையால் ஏழைக்கும் ஒரு குத்து குத்துங்கள் என்றார். பேசிக்கொண்டே, காற்றில் பறந்த விலைச் சீட்டைத் தன் இரும்புக் கல்லில் ஒட்டினார். பழைய ஒலிபெருக்கியிலிருந்து பிடுங்கிய காந்தம் ஒன்று, ஆணி மாதிரி அதைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு சீட்டை அவளுடைய பித்தளைக் கல்லில் ஒட்டப் பார்த்தார். சீட்டும் காந்தமும் கீழே விழுந்தன.

"உங்க கல்லு ரொம்ப ராங்கிம்மா. ஒட்ட மாட்டேங்குது."

எடைக்காரம்மாவின் கை அப்படியே நின்றது.

"அண்ணே, உங்க பத்துக் கிலோவை நாளைக்கு ஒரு நாள் குடுங்க. நீங்களும் வாங்க. காலி வெங்காயப் பெட்டி ஒண்ணும் எடுத்துக்குங்க."

வியாழக்கிழமை பெட்டி எழுபத்தொரு கிலோ. தன் நல்ல சாட்சி மறுபடி வந்ததில் மகானுக்கு உச்சி குளிர்ந்தது. தானே ஒலிவாங்கியைப் பிடித்து அவளை அறிமுகம் செய்தார். இரும்புப் பெட்டியை இறக்கினார்கள். அவள் துணிப்பையோடு கல்லை வைத்தாள்.

பதினெட்டு.

"அது என் கல்லு. பத்துக் கிலோதான். நேத்துதான் அம்மா முத்திரை போட்டாங்க" என்றார் வெங்காயக்காரர் கீழேயிருந்து.

கூட்டம் மகானைப் பார்த்தது. மகான் ஒரு கணம்தான் தடுமாறினார்.

"தாயே, உங்க கல்லுக்கும் அருள் ஏறிடுச்சு."

கூட்டம் கைதட்டியது. ஆம், தட்டியது. மனிதர்கள் ஏமாறுவதைவிட, ஏமாந்தோம் என்று ஒப்புக்கொள்ளத்தான் கஷ்டப்படுகிறார்கள்.

எடைக்காரம்மா கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தாள். இரும்பை இறக்கிப் பித்தளையை வைத்தாள். பத்து. பித்தளையை இறக்கினாள். மரத்தாலான வெங்காயப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு கிலோ. அதன்மேல் அதே இரும்புக் கல்லை வைத்தாள்.

பதினொன்று.

"ஏன் சாமி, ஒரு முழம் மேல தூக்குனா உங்க அருளுக்குக் கை எட்டலையா?"

முதலில் சிரித்தது ஓர் ஆசிரியர். நான்கு மாதச் சிரிப்பு அது. பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. மேடைப் பலகையைப் பெயர்த்தார்கள். அலுமினியத் தராசுக்கு நேர் கீழே, தரையில் பதித்த மின்காந்தம் ஒன்று இருந்தது. பக்கத்தில், தினம் கொஞ்சம் கொஞ்சமாய் மின்சாரத்தைக் கூட்டுவதற்கென்று ஒருவன் குந்தியிருந்தான். முன்பெல்லாம் பெட்டியை இறக்கியதும் அணைப்பானாம். பித்தளைதான் எப்படியும் பத்துக் காட்டுகிறதே என்று சோம்பலில் விட்டுவிட்டானாம். பகுத்தறிவு சில நேரம் சோம்பேறிகளாலும் பிழைக்கிறது.

மின்கம்பி மேடைக்குப் பின்னால் ஓடியது. எல்லோரும் அதன் பின்னால் ஓடினார்கள். அன்றும் வரிசையில் நின்றிருந்த அக்கா மட்டும் வீங்கிய காலை இழுத்துக்கொண்டு மெதுவாக வந்து சேர்ந்தாள். தார்ப்பாய்க்குள் பச்சை நிற ஜெனரேட்டர் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. இடது மூலையில் நசுங்கல். அக்கா அந்த நசுங்கலைத் தடவினாள். நான்கு வருடம் வார்டு ஜன்னல் வழியாக அவள் பார்த்துப் படுத்திருந்த நசுங்கல் அது.

"இது எங்க ஜெனரேட்டர்டி" என்றாள்.

மகானைக் காணவில்லை. நிதியமைச்சரின் காரையும் காணவில்லை. பெட்டியை வெங்காயக்காரர் தன் பத்துக் கிலோவாலேயே உடைத்தார். மக்கள் தங்கள் குறைகளைத் தேடி எடுத்துக்கொண்டார்கள். நாற்பத்தொரு கையெழுத்துக்குக் கீழே அக்கா நாற்பத்திரண்டாவதாகத் தன் பெயரை எழுதினாள். அதுவரை எழுதாமல் விட்டிருந்தாள். மனுக்களோடு கூட்டம் சாலையைக் கடந்து சட்டசபை வாசலுக்கு நடந்தது. இந்த முறை யாரிடமும் தக்காளி இல்லை. உள்ளே இருந்தவர்களுக்கு அதுதான் கலக்கமாக இருந்தது.

இன்னொரு பெட்டி வரும். கட்டாயம் வரும், கஜானாதான் இன்னும் காலியாக இருக்கிறதே. அன்றைக்கு ஒரு இரும்புக் கல்லும் ஒரு பித்தளைக் கல்லும் எடுத்துப் போங்கள். கல் கிடைக்காவிட்டால் தலையை எடுத்துப் போங்கள். அதைப் பயன்படுத்த எவன் முத்திரையும் தேவையில்லை.