முக்கால் மணி நேர ஓய்வு

சுத்தம் செய்வதற்கு முன்னால் அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பதை மனைவி மூன்றாவது முறையாக நினைவூட்டியபோது, புவியியல் ஆசிரியர் திருப்புளியைச் சாப்பாட்டு மேசைமீது வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பரீட்சைக்கு நடுவுல நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவே? அதுக்குத்தான் முன்கூட்டியே திறந்து தூசி தட்டினேன்."

"இப்ப நடுவுல நிக்கலீங்க. ஆரம்பத்துலயே நிக்குது."

பழைய மடிக்கணினி மேசைமீது வாய் பிளந்து கிடந்தது. பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி ஒரு பெருமூச்சு விடும். ஓரத்தில் சிறுவிளக்கு ஒன்று எரியும். திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். மணி ஒன்பதரை. மாலை நான்கு மணிக்கு அதில்தான் அவள் ஒரு பதிப்பகத்தின் மெய்ப்புத் திருத்துநர் தேர்வை எழுத வேண்டும். பன்னிரண்டு வருடங்கள் வீட்டோடு இருந்துவிட்டு அவள் போட்ட முதல் விண்ணப்பம். தேர்வு இணையத்தில் நடக்கும், கைபேசி கூடாது என்று அழைப்புக் கடிதத்தில் அடிக்கோடிட்டிருந்தார்கள். தவறவிட்டால் அடுத்த வருடம்தான்.

"பக்கத்து வீட்டுல ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வரட்டுமா?"

"நான் ஒருத்தன் வீட்டுல இருக்கும்போதா?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. உறவினர் வட்டாரத்தில் அவருக்கு 'மெஷின் டாக்டர்' என்று பெயர். அந்தப் பெயரை வாங்கித் தந்தது அவரே கண்டறிந்த ஓய்வுக் கொள்கை. இயந்திரங்களும் களைப்படைகின்றன, ஆகவே பழுதானதைத் திறந்து, பார்க்க வேண்டியதைப் பார்த்து, மேலே ஒரு துண்டைப் போர்த்தி, முக்கால் மணி நேரம் விட்டுவிட வேண்டும். அந்த நேரத்தில் அவரும் உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். நோயாளி ஓய்வெடுக்கும்போது வைத்தியர் பக்கத்தில் நின்று தொந்தரவு செய்யலாகாது என்பது கொள்கையின் இரண்டாம் பகுதி. மிக்ஸி அப்படித்தான் பிழைத்தது. சுவர்க் கடிகாரமும் இஸ்திரிப் பெட்டியும் அப்படித்தான். ஐந்து வருடங்களுக்கு முன்னால் இதே மடிக்கணினியின் வைஃபை கார்டு செத்துப்போய், அவர் வாங்கிப் போட்ட புதுக் கார்டைக் கண்டதும் இயந்திரம் கிளம்ப மறுத்தபோதும், முக்கால் மணி நேரத் தூக்கம்தான் இரண்டையும் சமாதானப்படுத்தியது. அந்த வெற்றியை எந்தக் குடும்ப விசேஷத்திலும் சொல்லாமல் அவர் கை கழுவியதில்லை.

கூடவே வசிக்கும் மாமியார் அக்கதையை ஒவ்வொரு முறையும் கண்ணாடியைத் துடைத்தபடி புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பார். காது கேட்கும் கருவி செய்யும் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். "அதுவும் நல்ல வேலைதான் அத்தை. ஆனா கம்ப்யூட்டர்ங்கிறது தனி உலகம்" என்று ஆசிரியர் ஒருமுறை கருணையோடு விளக்கியிருக்கிறார். பத்து நாளாக இளைய மகள் வீட்டில் இருந்தவர் அன்று பிற்பகலுக்குள் பேருந்தில் வந்துசேர வேண்டும்.

"நீங்க என்னதான் செஞ்சீங்க? ஒண்ணொண்ணா சொல்லுங்க," என்றாள் மனைவி.

"ஒண்ணும் செய்யல. விசிறியைத் துடைச்சேன். வைஃபை கார்டைக் கழட்டித் துடைச்சேன். அதோட முனையில அரிசிக் குருணை மாதிரி ஒரு டேப்புத் துண்டு மஞ்சளாகி ஒட்டிக்கிட்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்தேன். பளபளன்னு ஆக்கி மறுபடி மாட்டினேன். இதெல்லாம் கெடுதலா?"

அவளுக்கும் அதில் கெடுதல் எதுவும் தென்படவில்லை.

பத்து மணிக்கு இயந்திரத்தின்மீது துண்டு போர்த்தப்பட்டது. ஆசிரியர் படுத்தார். பத்தே முக்காலுக்கு எழுந்து வந்து, ஒரு சிற்பத்தைத் திறந்துவைப்பவர்போலத் துண்டை உருவி, பொத்தானை அழுத்தினார். பெருமூச்சு. சிறுவிளக்கு. கறுப்பு.

அடுத்த அறையில் மனைவி கைபேசியில் பேசுவது கேட்டது: "அம்மா, பஸ் ஏறிட்டியா?"

தேர்வு நாளில் தாயைத் தேடும் அந்தப் பேதை மனத்தை எண்ணி ஆசிரியர் நெகிழ்ந்தார்.

பிறகு அவர் வைஃபை கார்டைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்திப் பார்த்தார். திரை வெளிச்சமாயிற்று.

"வந்துடுச்சு!" என்று அவர் போட்ட சத்தத்தில் மனைவி ஓடிவந்தாள்.

"இன்டர்நெட்?"

"அது வராது. கார்டு இல்லையே."

"கார்டைப் போட்டா?"

"மெஷின் வராது."

"அப்ப கேபிள் சொருகிக்கலாம்ல?"

ஆசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்த ஓட்டையில எறும்பு போகுதுன்னு போன வருஷம் நான்தான் பசை ஊத்தி அடைச்சேன்."

மணி பதினொன்றரைக்கு அவர் கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். கடைக்காரர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கார்டு நல்லாத்தான் சார் இருக்கு. உங்க மெஷின்தான் வெளிக் கார்டை ஏத்துக்காத ரகம்."

"அஞ்சு வருஷமா ஏத்துக்கிட்டு இருந்ததே?"

"அதுதான் சார் எனக்கும் ஆச்சரியமா இருக்கு. இந்த மாடல் ஒரு நாள்கூட ஏத்துக்காதே. சில மாமியாருங்க மாதிரி, யார் புதுசா வந்தாலும் கதவைத் திறக்காது."

"எங்க மாமியார் அப்படிக் கிடையாதுங்க. வாயே திறக்க மாட்டாங்க," என்றார் ஆசிரியர் பெருமையோடு.

கடைக்காரர் இழுப்பறையிலிருந்து வேறொரு கார்டை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டினால் அதற்கும் அதே பெருமூச்சு, அதே கறுப்பு. ஆசிரியர் தளரவில்லை. கார்டில்லாமல் இயந்திரத்தைக் கிளப்பி, அது அசந்திருக்கும் வேளையில் பழைய கார்டைச் செருகிவிடுவது என்று திட்டமிட்டார். செருகினார். திரையில் பச்சைக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடி அப்படியே உறைந்தன. பதற்றத்தில் கை தவறிக் கார்டின் திருகாணி எங்கோ உள்ளே விழுந்தது. அதை வெளியே வரவைக்க இயந்திரத்தைக் கவிழ்த்துக் குலுக்கியதில், திருகாணிக்குப் பதிலாக விசைப்பலகையிலிருந்து ஓர் எழுத்து வந்து விழுந்தது.

"அது எந்த எழுத்து?" என்றாள் மனைவி, குரலை உயர்த்தாமல்.

"அடிக்கடி வராத எழுத்துதான்."

"மெய்ப்புத் திருத்துற பரீட்சைங்க. எல்லா எழுத்தும் வரும்."

ஒரு மணிக்கு அவர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். உள்ளே பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருந்தது. அதைச் சற்று நேரம் கழற்றி வைத்தால் இயந்திரம் பழைய பகையையெல்லாம் மறந்துவிடும் என்று எங்கோ படித்திருந்தார். கழற்றினார், மாட்டினார். இயந்திரம் மறந்தது உண்மைதான். கார்டின்மீதிருந்த பகையைத் தவிர மற்ற அனைத்தையும் மறந்திருந்தது. கார்டை எடுத்துவிட்டுக் கிளப்பியபோது திரையின் மூலையில் பதினாலு வருடத்துக்கு முந்தைய தேதி மின்னியது.

"இதன்படி பார்த்தா நமக்கு இன்னும் கல்யாணமே ஆகல," என்றார் ஆசிரியர், சூழலைக் கொஞ்சம் இலகுவாக்கும் நோக்கத்துடன்.

"ஒரு நிமிஷம் இருங்க, யோசிச்சுச் சொல்றேன்."

அவள் மேசை ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு மாதமாகத் தயாரித்த குறிப்பேட்டை மூடி, அதன்மேல் பேனாவை நேராக வைத்தாள். அழுதிருந்தால்கூட அவருக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

கார்டை மறுபடி மாட்டித் துண்டைப் போர்த்திவிட்டு அவர் படுத்தார். அன்று தூக்கம் வரவில்லை. இத்தனை வருடங்களில் கொள்கை கைவிட்டது இல்லை. இன்று தன்னிடம்தான் ஏதோ குறை என்று உத்தரத்தைப் பார்த்தபடி கிடந்தார். கூடத்தில் மனைவியின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. "எந்த ஸ்டாப்ல இருக்கே அம்மா? ஆட்டோ பிடிச்சு வந்துடு. ஆமா, அதேதான். ஆமா, துடைச்சுட்டாரு."

இரண்டே முக்காலுக்குத் துண்டை விலக்கினார். கறுப்பு.

"என்னை மன்னிச்சிடும்மா," என்றார் மனைவியிடம். "எனக்கு இதைப்பத்தி ஒண்ணுமே தெரியாது போலிருக்கு."

அவள் பதில் சொல்லும் முன் வாசல் மணி அடித்தது. மாமியார் பையோடு உள்ளே வந்தார். பையை நாற்காலியில் வைத்தார்; கையைக் கழுவித் துடைத்தார்; மேசைக்கு வந்து, குடல் சரிந்து கிடந்த இயந்திரத்தையும் தனித்துக் கிடந்த எழுத்தையும் மருமகனின் முகத்தையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாற்றிக்கொண்டு கார்டைக் கழற்றி, அதன் முனையைக் கண்ணருகே பிடித்தார்.

"மெஷின் கண்ணுல படாம இந்த ஒரு முனையை மறைக்க, இங்க ஒரு சின்ன டேப் இருந்திருக்கணுமே, மாப்பிள்ளை?"

"அழுக்குன்னு நினைச்சு எடுத்துட்டேன் அத்தை..." என்ற ஆசிரியர் பாதியில் நின்றார். "அது உங்களுக்கு எப்படி..."

மாமியார் மூக்குக் கண்ணாடிக் கூட்டின் அடியிலிருந்து ஒரு சாமணம், ஒரு சின்னக் கத்திரிக்கோல், விரல்நகம் அகல டேப்புச் சுருள் என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசைமீது அடுக்கினார். அதற்குள் மனைவி உள்ளறையிலிருந்து தலையணையைக் கொண்டுவந்து கணவனின் கையில் கொடுத்தாள்.

"நீங்க வழக்கம்போலப் போய் முக்கால் மணி நேரம் படுங்க மாப்பிள்ளை," என்றார் மாமியார், கத்திரிக்கோலைத் துடைத்துக்கொண்டே. "இத்தனை வருஷத்துல நீங்க முழிச்சிருக்கும்போது நான் ஒரு ரிப்பேர்கூடப் பண்ணினது இல்லை."