நன்றாக ஓடுவதை நிறுத்துபவர்

கெட்டுப்போனதைச் சரி செய்கிறவர்கள் ஒரு ரகம். அவர்களை விட்டுவிடுவோம், பிழைத்துப் போகட்டும். நாம் பார்க்கப்போவது, நன்றாக இருப்பதைச் சரி செய்கிறவர்களை. தெருவுக்கு ஒருவர் நிச்சயம் உண்டு. இந்தத் தெருவில் அவர் பல் டாக்டர்.

தொழிலில் தங்கமானவர். ஆடாத பல்லைத் தொடவே மாட்டார். ஆனால் கிளினிக் பின்னறையில் மேசை முழுக்கத் தண்டவாளம் போட்டு, உள்ளங்கை அளவு ரயில் இன்ஜின்கள் பதினாறு வைத்திருக்கிறாரே, அவற்றின் வயிற்றில் நன்றாக இருக்கும் பாட்டரியைக் கண்டால் மட்டும் கை நிற்காது. பல் குத்தும் கொக்கியாலேயே மூடியை நெம்பி, பாட்டரியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு கப்பாசிட்டரை வைத்துப் பற்றவைத்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் கண்ணாடியால் இண்டு இடுக்கெல்லாம் பார்த்து ரசித்தால்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கும்.

ஏன் என்று கேட்டுவிடாதீர்கள். கேட்காமலே சொல்வார். நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருக்கும் நோயாளியைவிட நல்ல கேட்பாளி எங்கே கிடைப்பான்? பாட்டரிக்கு வயதாகும், உப்பும், கசியும், இன்ஜினையே அரித்துவிடும். கப்பாசிட்டரோ ஆயுசுக்கும் கெடாது, ஒரே நிமிடத்தில் நிரம்பிவிடும் என்பார். எவ்வளவு நேரத்தில் காலியாகும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். கேட்க வேண்டியவர் வாயில் பஞ்சு இருக்கிறது.

பதினைந்து இன்ஜின்கள் முடிந்ததும் வீட்டுக்குள் புகுந்தார். சுவர்க் கடிகாரம் இப்போது காலையில் மட்டும் ஓடுகிறது. மாமியாரின் டார்ச் நாற்பது நொடி எரியும். மாடிப்படி இறங்க அந்த அம்மாளுக்கு ஐம்பது நொடி ஆகும். கடைசி நான்கு படிகளை மருமகனைத் திட்டிக்கொண்டே இருட்டில் இறங்குவார்.

மிச்சம் இருந்தது பதினாறாவது. மனைவியின் பச்சை இன்ஜின்.

அதைத் தொடக் கூடாது என்று மனைவி தெளிவாகச் சொல்லியிருந்தார். காரணம் இருந்தது. சலவைக்கடை மாடியில் இயங்கும் ரயில் சங்கத்தில் வருடா வருடம் மெதுவோட்டப் போட்டி நடக்கும். தரையில் போட்ட, மின்சாரமே இல்லாத ஒரு மீட்டர் தண்டவாளத்தை, வயிற்றில் இருக்கும் சக்தியை வைத்தே இன்ஜின் கடக்க வேண்டும். கடைசியாக வருவதுதான் முதல். நடுவில் நின்றால் அவுட். இரண்டு வருடம் தொடர்ந்து ஜெயித்தது பச்சை இன்ஜின். மூன்றாவது முறையும் ஜெயித்தால் கோப்பை மனைவிக்கே சொந்தம். சங்கச் செயலாளரான அவருடைய அண்ணனோ, தங்கச்சி வண்டி மெதுவாகப் போவது திறமையால் அல்ல, பயத்தால் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

போட்டிக்கு முந்தின நாள், இரண்டு நோயாளிகளுக்கு நடுவில், டாக்டர் சும்மா ஒரு தரம் மூடியைத் திறந்து பார்த்தார். பாட்டரியில் கசிவு இல்லை. ஆனால் கசிந்துவிட்டால்? அதுவும் இவளுடைய வண்டியில்? கொக்கி எப்போது கைக்கு வந்தது என்று அவருக்கே தெரியாது.

மறுநாள் அண்ணனுடைய இன்ஜின் நான்கு நிமிடத்தில் கடந்தது. அடுத்து பச்சை இன்ஜின். மனைவி ரிமோட்டை அழுத்த, அது தவழ்ந்தது. போகப் போக இன்னும் மெதுவானது. இப்படி ஒரு மெதுவைச் சங்கம் கண்டதில்லை. நான்கு நிமிடம் தாண்டியது. அண்ணன் கர்ச்சீப்பை எடுத்தார். டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. மனைவியின் காதில் கிசுகிசுத்தார்.

"பாத்தியாம்மா? கப்பாசிட்டர்."

மனைவி திரும்பிப் பார்த்த பார்வையில் மூன்று பல் தானாகக் கழன்றிருக்கும்.

எல்லைக்கு ஒரு விரல்கடை முன்னால், இன்ஜின் நகர்கிறதா நிற்கிறதா என்று யாருக்கும் சொல்ல முடியவில்லை. நடுவரான சலவைக்கடைக்காரர் தரையில் குப்புறப் படுத்தார். பிறகு அண்ணன் படுத்தார். டாக்டர் பையிலிருந்து வாய்க்கண்ணாடியை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் நீட்டினார்.

"போயிட்டுதான் இருக்கு மச்சான். உங்களுக்குப் பார்வை பத்தல."

"மாப்ள, தண்டவாளமே இதவிட வேகமாப் போகும்."

பத்து நிமிடம் ஆனது. சக்கரத்துக்கு முன்னால் ஒரு தலைமுடியை வைத்துப் பார்க்கலாம் என்றார் நடுவர். யார் முடி என்பதில் தகராறு வந்தது. அண்ணனுக்கு வழுக்கை.

கடைசியில் மனைவி ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"அது நின்னு ரொம்ப நேரமாச்சு அண்ணே. கோப்பைய எடுத்துக்கோ."

அண்ணனுக்கே சங்கடமாகிவிட்டது. கோப்பையைச் சட்டைக்குள் மறைப்பது மாதிரி எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். மற்றவர்களும் போனார்கள். டாக்டர் மட்டும் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைச் சக்கரத்துக்கு அடியிலேயே பிடித்திருந்தார். அவர் பக்கத்தில் மனைவி வந்து உட்கார்ந்தார்.

"நல்லாத்தானே ஓடிட்டு இருந்துச்சு?"

"அதான்மா பயமா இருந்துச்சு."

இப்போது லேசாக அசைந்த மாதிரி இல்லையா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றார் மனைவி. ஆனாலும் எழுந்து போகவில்லை. தானும் குப்புறப் படுத்துச் சக்கரத்தையே பார்த்தார்.

சிரித்தது போதும். உங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைச் சொல்லுங்கள், பார்ப்போம். சொல்லிவிட்டீர்களா? சரி, இப்போது அந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள்.