மாப்பிள்ளையின் ட்ரோனில் மணல் இல்லை

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
ஆகஸ்ட் 19

(பெட்டியைப் பிரிக்கும் முன் இதை வாசித்துவிடவும்)

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை செந்தில்முருகன் அவர்களுக்கு மாமனார் அம்புரோஸ் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், உங்கள் அத்தை பிளாரன்ஸ் நலம், ட்ரோன் நலம். அங்கே உங்கள் நலமும் மகள் ஸ்டெபியின் நலமும் பேரப்பிள்ளையின் நலமும் அறிய ஆவல். ட்ரோனின் நலத்தை மூன்றாவதாக எழுதினேனே தவிர, இந்தப் பத்து நாளாக இந்த வீட்டில் அதுதான் முதலாவது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஹலோ என்றதும் நீங்கள் "இந்தா, ஸ்டெபிகிட்ட குடுக்கேன் மாமா" என்பீர்கள். நானும் பதிலுக்கு "இந்தா, அத்தைகிட்ட குடுக்கேன்" என்பேன். கல்யாணம் ஆன மூன்று வருடத்தில் நாம் இருவரும் பேசியது மொத்தம் இவ்வளவுதான். தவறு என் மேல்தான். ஓட்டப்பிடாரத்துப் பலசரக்குக் கடை வீட்டுப் பிள்ளை, வேலையோ சென்னையில் கல்யாண வீடுகளைப் படம் பிடிப்பது, கடலில் முழங்கால் நனைய இறங்கியதில்லை, இவருக்கா பெண்ணைக் கொடுப்பது என்று ஆறு மாதம் முறுக்கிக்கொண்டு நின்றவன் நான். அப்படிப்பட்ட என்னிடம், மாதா கோயில் திருவிழா முடிந்து ரயிலேறும்போது, கையில் பிள்ளையும் தோளில் மூன்று பையுமாக நின்ற நீங்கள் அந்தக் கறுப்புப் பையை நீட்டி, "மாமா, இது உங்ககிட்ட இருக்கட்டும். ஆன்டனி மாமா சென்னைக்குக் கார்ல வரும்போது குடுத்து விடுங்க. இருபத்தி நாலாந்தேதி கோவளம் பீச்சுல ஒரு கல்யாணம், இது இல்லாம நடக்காது. மணல் மட்டும் படாமப் பாத்துக்கோங்க" என்றீர்கள். என் முகத்தைப் பார்த்து நீங்கள் இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியது அன்றுதான். ரயில் போன பிறகும் நான் பையைத் தோளை விட்டு இறக்காமல் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். இந்தப் பையில் ஒரு மணல் ஏறினாலும் இன்னும் மூன்று வருடத்துக்கு 'இந்தா, ஸ்டெபிகிட்ட குடுக்கேன்'தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மணல் படாமல் என்று நீங்கள் சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். உங்கள் ஊர்க் கரிசல் மண் காலில் ஒட்டினால் ஒட்டியது ஒட்டியபடி இருக்கும்; கழுவினால் போய்விடும். எங்கள் கரை மணல் அப்படியல்ல. கதவைச் சாத்திவிட்டுப் போனாலும் திரும்பி வரும்போது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். நானும் இருபத்திரண்டு வருடம் தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்துகிறவனாக, மாலத்தீவுக்குப் போய் வந்தவன். ஒவ்வொரு பயணத்துக்கும் உங்கள் அத்தை என் டிரங்குப் பெட்டியின் அடியில் நம் கரை மணலில் ஒரு பிடி தூவித்தான் அனுப்புவாள். மணல் கூடவே போனால் ஆளைத் திரும்பக் கரைக்குக் கூட்டிவரும் என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். அதனால் என் சட்டையில் மணல், ஜெபப் புத்தகத்தில் மணல், மாசிக் கருவாட்டுச் சம்பலில்கூட மணல். இருபத்திரண்டு வருடமும் பல்லில் நறநறவென்று கடித்துக்கொண்டே பத்திரமாகத் திரும்பி வந்தேன். ஸ்டெபி உங்களோடு சென்னைக்குப் புறப்பட்டபோது அவள் சூட்கேசிலும் தூவினாள். நீங்கள் என்ன அழுக்கோ என்று வாக்குவம் கிளீனர் போட்டு உறிஞ்சிவிட்டதாக ஸ்டெபி சிரித்துக்கொண்டே போனில் சொன்னாள். இரண்டு நாள் இந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அது பழைய கதை, விடுங்கள்.

ட்ரோன் பையை முதலில் பீரோவில் வைத்தேன். அடித்தட்டை விரலால் தடவினால் மணல். அரிசி டிரம்மைக் காலி செய்து கழுவி மாடியில் காயப்போட்டேன். மேற்கே இருந்து வரும் கச்சான் காற்று அடித்து டிரம்முக்குள் அரைப்படி மணலைக் கொட்டிவிட்டது. பிரிட்ஜில் மணல் கிடையாதே என்று காய்கறிகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது உங்கள் அத்தை வந்து, "குளுருக்குள்ள இருந்து எடுத்தா வேர்க்கும். கேமராவுக்குள்ள தண்ணி கோக்கவா?" என்றாள். அவள் சொன்னது சரி. கடைசியில் புனிதர் சிலை வைக்கும் சுரூபக் கூடுதான் இந்த வீட்டிலேயே கண்ணாடி போட்டு இறுக்கமாக மூடுகிற ஒரே இடம் என்று கண்டுபிடித்து, அந்தோணியாரைக் கொஞ்சம் தள்ளி நிற்கவைத்து, பக்கத்தில் உங்கள் பையை வைத்தேன். அன்றிலிருந்து தினமும் சாயங்கால ஜெபம் ட்ரோனைப் பார்த்துத்தான் நடந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் வாசலில் கால் கழுவி, துடைத்து, அப்புறம்தான் உள்ளே. பக்கத்து வீட்டு ஜெஸ்லின் மூன்று நாளாக வாசலில் நின்றே பேசிவிட்டுப் போகிறாள்.

இதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. தோணி நங்கூரத்தில் நின்றால் மூன்று நாளைக்கு ஒரு தடவை எஞ்சினை ஓட விடவேண்டும். ஓடாத எஞ்சின் உப்புக் காற்றில் இறுகிப்போகும். இருபத்திரண்டு வருடம் நான் தவறாமல் செய்த வேலை இது. ஆறாம் நாள் ஜெபத்தின் நடுவில் எனக்கு அந்த நினைப்பு வந்துவிட்டது. மூன்று நாள் கணக்கில் பார்த்தால் இரண்டு தடவை ஓட்டியிருக்க வேண்டும், ஒரு தடவைகூட ஓட்டவில்லையே என்று பதறிப்போனேன். உங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஸ்டெபியிடம் கொடுத்துவிடுவீர்கள்.

மறுநாள் காலை மைத்துனன் ஆன்டனியைக் கூட்டிக்கொண்டேன். மீன்பிடி வள்ளங்களின் எஞ்சினைப் பிரித்துப் போட்டு மாட்டுகிறவன். அவன் கை பட்டால் எதுவும் ஓடும். திருவிழா அன்று நீங்கள் எந்தப் பொத்தானை அமுக்கினீர்கள் என்று நான் பக்கத்திலேயே நின்று பார்த்திருந்தேன். துறைமுகப் பக்கம் பறக்கவிடக் கூடாது என்று நீங்கள் அன்று யாரிடமோ சொன்னதை மறக்காமல், அதற்கு எதிர்ப்பக்கமாக வெகுதூரம் நடந்தோம். மணலில் வைத்துக் கிளப்பக் கூடாதே. அதற்கென்று நீங்கள் வைத்திருக்கும் வட்ட விரிப்பு சென்னையில் இருக்கிறது. ஆகவே ஜெஸ்லினிடம் நீலத் தார்ப்பாயை இரவல் வாங்கி, நான்கு தடவை உதறி, விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, ஒரு மணல்கூட இல்லை என்று மண்டியிட்டுப் பார்த்த பிறகே ட்ரோனை வைத்தேன். அது நெத்திலி காயப்போடும் தார்ப்பாய் என்பது தெரியும். அதில் என்ன தப்பு இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

ட்ரோன் நன்றாகவே ஏறியது. பத்து நிமிடம் நானும் ஆன்டனியும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே பார்த்தபோது தார்ப்பாய் முழுக்கக் காக்கா. வெயில் ஏற ஏற நெத்திலி வாசம் கிளம்பி, கடற்கரைக் காக்கா எல்லாம் கூடிவிட்டது. போதாதற்கு ஒரு பருந்து மேலே சுற்றிக்கொண்டு ட்ரோனை ஒரு மாதிரியாகப் பார்த்தது. நான் கல்லை எறிந்தால் காக்கா பத்தடி பறந்து மறுபடி வந்து உட்காருகிறது. அதற்குள் கையிலிருந்த பெட்டி பீப் பீப் என்று கத்தி, சார்ஜ் குறைகிறது, கிளம்பிய இடத்துக்கே திரும்புகிறேன் என்று எழுதிக் காட்டியது. கிளம்பிய இடத்தில் காக்காய்க் கூட்டம், சுற்றிலும் மணல், மேலே பருந்து.

"அத்தான், கையால புடிச்சிரட்டா?" என்றான் ஆன்டனி.

"ஏலே, விரல் துண்டாப் போவும்."

"அப்ப மணல்லதான் எறங்கும்."

மணல் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, மாப்பிள்ளை. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துவிட்டேன். உள்ளே காக்கி டிரவுசர் இருந்தது, பயப்பட வேண்டாம். ஒரு பக்கத்தை ஆன்டனியும் ஒரு பக்கத்தை நானும் இழுத்து விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, தார்ப்பாய்க்கு நேர் மேலே, நெஞ்சு உயரத்தில், அசையாமல் நின்றோம். ட்ரோன் இறங்கி வந்து என் மூக்குக்கு எதிரே நின்று யோசித்தது. நான் அறுபத்தாறு வயதில் இவ்வளவு பயந்ததில்லை. சூறாவளியில் மாட்டியபோதுகூட மாதாவைக் கும்பிட ஒரு கையாவது எனக்குச் சும்மா இருந்தது. கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு அது சாரத்தில் உட்கார்ந்து விசிறியை நிறுத்தியது. தார்ப்பாயைத் தேடி அவ்வளவு தூரமும் நடந்து வந்த ஜெஸ்லின், "என்னண்ணே இது கோலம்" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து விசிறியை விரலால் மெல்லச் சுற்றினால் கரகரவென்று சத்தம். நான் பூதக்கண்ணாடியைத் தேடி ஓடினேன்.

"மணல் ஏறிட்டு அத்தான். நல்ல தண்ணில ஒரு முக்கு முக்கி எடுத்து, தேங்கா எண்ணெயப் போட்டா சரியாப் போவும். நம்ம எஞ்சினுக்கு அப்படித்தான செய்யுதோம்" என்று ஆன்டனி வாளியைத் தூக்கிவிட்டான்.

"ஏலே, வாளியக் கீழ வையி. இது மாப்பிள்ள பொருளு."

வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும் என்று நீங்கள் திருவிழா அன்று பேரப்பிள்ளையை அதட்டியது எனக்கு நினைவிருந்தது. உங்கள் அத்தையின் பிரஷர் பார்க்கும் கருவியில் ரப்பர் உருண்டை ஒன்று இருக்குமல்லவா, அதைக் கழற்றி, பஸ் பஸ் என்று ஒரு மணி நேரம் காற்று அடித்தேன். புதுச் சவரப் பிரஷால் இடுக்கு இடுக்காகத் தட்டினேன். கடைசியில் மோட்டாரின் ஓரத்திலிருந்து ஒன்று வந்து விழுந்தது. மணல் இல்லை. காய்ந்த நெத்திலித் தலை. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நான் அழுதே விட்டேன் என்று சொன்னால் நம்பவேண்டும். இப்போது விசிறி சத்தமே இல்லாமல் சுற்றுகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். மாதாவுக்கு ஒரு கட்டு மெழுகுவர்த்தி கொளுத்தியாயிற்று. இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறேன்.

இதையெல்லாம் மறைத்துவிடலாம் என்றுதான் நானும் ஆன்டனியும் பேசி வைத்திருந்தோம். ஆனால் அந்தப் பாழாய்ப்போன ட்ரோன் ஏறியது முதல் இறங்கியது வரை எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்திருக்கிறது. அழிக்கத் தெரியவில்லை, தெரியாமல் எதையாவது அமுக்கித் திருவிழாப் படங்கள் போய்விட்டால் என்ன செய்வது. ஆகவே, டிரவுசரோடு நிற்கும் அந்த ஆள் உங்கள் மாமனார்தான். ஸ்டெபிக்குக் காட்ட வேண்டாம். நீங்கள் மட்டும் பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை.

பையை நானே ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, ட்ரோனை உள்ளே வைத்து, அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டிவிட்டேன். ஒரு மணல் இல்லை என்று அந்தோணியார் மேல் சத்தியம் செய்து கொடுக்கிறேன். கோவளம் கல்யாணம் சிறப்பாக நடக்கட்டும். ஓட்டப்பிடாரத்தில் சம்பந்தி சிவசுப்பிரமணியன் அண்ணாச்சிக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம். ஸ்டெபிக்கும் பேரப்பிள்ளைக்கும் எங்கள் முத்தம். மாதாவும் உங்கள் முருகனும் சேர்ந்து உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
அம்புரோஸ்

பி.கு.: ஆன்டனி வாசலில் காரைக் கிளப்பிவிட்டான், அவசரமாக எழுதுகிறேன். உங்கள் அத்தை இப்போதுதான் வந்து, நான் டேப் எடுக்க உள்ளே போன நேரத்தில் உங்கள் பையின் அடியில் ஒரு பிடி கரை மணல் தூவியதாகச் சொல்கிறாள். ட்ரோன் பையிலா தூவுவாய் என்று கேட்டால், "அவருக்குன்னு நம்ம வீட்டுல இருந்தது அந்தப் பை ஒண்ணுதான" என்கிறாள். பொட்டலமாகக் கட்டி வைத்தால் என்ன என்றேன். "பொட்டலம்னா எடுத்துத் தூரப் போட்டிருவாரு. தூவுனா கொஞ்சமாவது தங்கும்லா" என்றாள். பெட்டியைப் பிரிக்கக் கத்தியைக் கையில் எடுத்தேன். இந்த மூன்று வருடத்தில் நீங்கள் ஏழு தடவை வந்து போயிருக்கிறீர்கள். ஒரு தடவைகூட உங்கள் பையில் அவள் தூவியதில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். பிரஷர் கருவியின் ரப்பர் உருண்டையை இந்தக் கடிதத்தோடு தனியாகக் கொடுத்து விடுகிறேன். ட்ரோனை அதனால் நன்றாக ஊதிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். பையை மட்டும் உதற வேண்டாம்.