ஹாங்காங்கில் ரிஜெக்ட் அக்கா

கடவுள் உலகத்தைப் படைத்து முடித்த கையோடு எங்கள் ரிஜெக்ட் அக்காவிடம் ஒருமுறை காட்டியிருந்தால், பாதி உலகம் அன்றைக்கே திரும்பிப் போயிருக்கும். மிச்சப் பாதியை, "சரி, செகண்ட்ஸ்ல போடு" என்று தள்ளி வைத்திருப்பார்.

ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் கடைசி மேஜை அவருடையது. வெட்டி, தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு வரும் ஒவ்வொரு ஷூவும் பெட்டிக்குள் போவதற்கு முன்னால் அவர் கையைத் தாண்டியாக வேண்டும். வளைப்பார். முகர்ந்து பார்ப்பார். உள்ளே முஷ்டியை விட்டு ஒரு சுற்று சுற்றுவார். சரியாக இருந்தால் உள்பக்கம் பென்சிலால் சின்னதாக ஒரு டிக். இல்லையென்றால், "ரிஜெக்ட்!" மெஷின் சத்தத்தையெல்லாம் மீறி அந்தக் குரல் கேன்டீன் வரைக்கும் கேட்கும். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஆபீஸ் மைக்கிலேயே, "ரிஜெக்ட் அக்கா உடனே மேனேஜர் ரூமுக்கு வரவும்" என்றுதான் கூப்பிடுவார்கள்.

கம்பெனி கேட்டைத் தாண்டினாலும் அவருக்கு டூட்டி முடியாது. எங்கள் கேஷியர் கல்யாணத்தில் மேடையேறி, பரிசைக் கொடுத்து, போட்டோவுக்கும் நின்றுவிட்டு, மாப்பிள்ளையின் காலைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, இடது ஷூல ஒரு தையல் எகிறியிருக்கு. ரிசப்ஷன் முடிஞ்சதும் மாத்திடு." மாப்பிள்ளை அன்று எடுத்த எல்லா போட்டோவிலும் குனிந்தே இருக்கிறார். பெண் வீட்டார் அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்படிப்பட்டவரோடு நான் ஹாங்காங் போக வேண்டி வந்தது.

எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவர், போன முறை வந்த சரக்கு மோசம் என்று கோபமாக எழுதியிருந்தார். ஹாங்காங்கில் நடக்கும் தோல் கண்காட்சிக்கு வருவாராம். சரக்கைச் சோதித்து அனுப்பியவரை அங்கே நேரில் பார்த்த பிறகுதான் அடுத்த ஆர்டரைப் பற்றிப் பேச்சாம். அந்த ஆர்டர் போனால் இரண்டாவது லைனை மூடிவிடுவார்கள். இரண்டாவது லைன் என்றால் அறுபது பெண்கள்.

மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "உனக்கு இங்கிலீஷ் தெரியும். அவங்களுக்கு ஷூ தெரியும். ரெண்டும் ஒரே ஆளுக்குத் தெரிஞ்சிருந்தா ஒரு டிக்கெட்டோட முடிச்சிருப்பேன்" என்று பெருமூச்சு விட்டார்.

அந்தப் பெருமூச்சிலேயே எங்கள் பயணப் பேட்டா எவ்வளவு இருக்கும் என்று புரிந்துவிட்டது. அதை வைத்து வேலூரில் நான்கு நாள் ராணி மாதிரி வாழலாம். ஹாங்காங்கில் நான்கு நாள் மூச்சு விடலாம்.

"கம்மியா குடுத்திருக்காங்கன்னு ஊர கம்மியா பாக்க முடியுமா?" என்றார் அக்கா. "நீ கூட வாம்மா. நான் பாத்துக்கறேன்."

ஒரு பழைய கட்டடத்தின் பதினோராவது மாடியில் ரூம் போட்டிருந்தார்கள். கதவைத் திறந்தால் அது கட்டிலில் இடித்தது. ஒருவர் நின்றால் இன்னொருவர் படுத்தே ஆக வேண்டும். பெட்டியைத் திறக்கக் கட்டில் மேல் ஏறி நிற்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது. அக்கா சுவரைத் தட்டிப் பார்த்தார். மூலையை முகர்ந்து பார்த்தார்.

"அப்படியே ஷூ பெட்டிம்மா. நாம ரெண்டு பேரும் ஒரு ஜோடி. நடுவுல டிஷ்யூ பேப்பர்தான் இல்ல."

முதல் நாள் கண்காட்சி இல்லை. ஊர் பார்க்கக் கிளம்பினோம். அந்த ஊர் இரண்டு கரையாக இருக்கிறது, நடுவில் கடல். ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குப் படகு. படகில் மேல்தளத்துக்கு ஒரு டிக்கெட், கீழ்த்தளத்துக்கு அதைவிடக் கம்மி.

"மேல உக்காந்தா சீக்கிரம் போய்டுமா?" என்றார் அக்கா.

"இல்லக்கா, ரெண்டும் ஒரே படகுதானே?"

"அப்ப இன்னாத்துக்கு ஜாஸ்தி? கீழ இருந்தா தண்ணி கிட்டக்க தெரியும்."

தெரிந்தது. ஒரு பெரிய அலை வந்து என் புது சுடிதாரில் பாதியை நனைத்தது. கடலே இலவசமாக வந்து நம்மைப் பார்க்கிறது என்று அக்கா பூரித்துப்போனார். போன படகிலேயே திரும்பி வந்தோம். வந்ததிலேயே மறுபடி போனோம். நான்காவது முறை டிக்கெட் கேட்டில் நின்ற ஆள் எங்களைப் பார்த்துக் கையாட்டினார். அக்கா அவருடைய ஷூவைப் பார்த்துத் தலையாட்டினார். நல்லவேளை, பாஸ்.

மத்தியானம் பசித்தது. எந்த ஓட்டலுக்கு வெளியே மாட்டியிருந்த விலைப்பட்டியலைப் பார்த்தாலும் பசி அடங்கி, கொஞ்ச தூரம் போனதும் திரும்பி வந்தது. அப்போது எதிரே தலைப்பாகை கட்டிய ஒரு சர்தார்ஜி வந்தார். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அவர் பின்னாடியே நட. இவங்க இருக்கற ஊர்ல கோயில் இருக்கும். கோயில் இருந்தா சோறு இருக்கும்."

மூன்று தெரு பின்தொடர்ந்தோம். அவர் ஒரு பேங்குக்குள் நுழைந்தார். நாங்களும் நுழைந்தோம். அவர் வரிசையில் நின்றார். நாங்களும் பின்னால் நின்றோம். அவர் திரும்பி, "என்ன வேண்டும்?" என்று இங்கிலீஷில் கேட்டார். நான் வார்த்தை தேடுவதற்குள் அக்கா ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினார். அந்த மனிதர் பேங்கே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். பிறகு எங்களை வெளியே அழைத்து வந்து, குருத்துவாராவுக்குப் போகும் வழியைத் தாளில் படம் போட்டுக் கொடுத்தார்.

அங்கே சூடான சப்பாத்தி, பருப்பு, பாயசம். யார் வந்தாலும் உட்கார வைத்துப் போட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் நான் எழுந்தேன். அக்கா எழவில்லை. சும்மா சாப்பிட்டுப் போனால் அவருக்குச் செரிக்காதாம். சமையல்கட்டுக்குள் போய், சப்பாத்தி தேய்க்கும் பெண்கள் நடுவில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து நிமிஷம் ஒழுங்காகத்தான் இருந்தார். ஆறாவது நிமிஷம் பக்கத்துப் பெண் தேய்த்த சப்பாத்தியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ரிஜெக்ட்!"

எனக்கு உயிரே போய்விட்டது. அந்தப் பெண் சப்பாத்தியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு தன் பக்கத்தில் இருந்தவரின் சப்பாத்தியைத் தூக்கிப் பிடித்து, "ரிஜெக்ட்?" என்று கேட்டார். அதன் பிறகு அங்கே ஒரே கூத்து. கிளம்பும்போது ராத்திரிக்கென்று ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள்.

மறுநாள்தான் பேஜார். காலை பதினோரு மணிக்கு வெளிநாட்டுக்காரரைப் பார்க்க வேண்டும். டிராமில் ஏறினோம். அந்த ஊர் டிராமில் எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். இது தெரிந்ததுதான் வினை. கண்காட்சி ஸ்டாப் வந்தது. நான் எழுந்தேன்.

"உக்காரும்மா. கடைசி ஸ்டாப் வரைக்கும் அதே காசுதானே? பாதில இறங்கினா நமக்குத்தான் நஷ்டம். இன்னும் நேரம் இருக்கு."

கடைசி ஸ்டாப் வெகு தூரத்தில் இருந்தது. திரும்பி வர இன்னொரு டிக்கெட் எடுக்க அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "இன்னா பெரிய தூரம்? நேர் ரோடுதானே?" என்று நடக்க ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் நடந்ததும் என் இடது ஷூவின் சோல் முன்பக்கம் பிளந்து முதலை மாதிரி வாயைத் திறந்தது.

அக்கா குனிந்து பார்த்தார். "இது எந்த கம்பெனி ஷூ?"

"பஜார்ல தள்ளுவண்டில வாங்கினது."

அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. போலீஸ்காரர் தன் வீட்டிலேயே திருடனைக் கண்டுபிடித்தது போலப் பார்த்தார். "ஷூ கம்பெனில வேலை செய்ற பொண்ணு!"

எங்களிடம் சாம்பிள் பை இருந்தது. உள்ளே எட்டு ஷூக்கள். ஆனால் சாம்பிள் என்றால் ஜோடியாக அனுப்ப மாட்டார்கள், ஒற்றைக் கால்தான். எட்டும் வலது கால். அதில் என் அளவுக்கு இரண்டு இருந்தன. ஒரே மாடல்; ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு.

"ரெண்டையும் போடு."

"அக்கா, ரெண்டும் வலது கால்!"

"கலர் வேற வேறயா இருக்குல்ல? ஃபேஷன்னு நினைச்சுப்பாங்க."

வலது கால் ஷூவை இடது காலில் போட்டு நடந்தவர்களுக்குத்தான் தெரியும். நான் நேராகப் போக நினைப்பேன். இடது கால் வலது பக்கம் போகலாம் என்று சொல்லும். மூன்று முறை கடைகளுக்குள் நுழைந்துவிட்டேன். அக்கா என் தோளைப் பிடித்து மாட்டுவண்டி மாதிரி ஓட்டிக்கொண்டு போனார். இன்னும் முக்கால் மணி நேரம். பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அந்த மனிதர் நெடுநெடுவென்று இருந்தார். சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். மேஜை மேல் எங்கள் கம்பெனி ஷூ ஒன்றை வைத்தார். முன்பக்கத் தோல் சுருங்கியிருந்தது, உள்லைனிங் கழன்றிருந்தது. "இதை யார் பாஸ் செய்தது?" என்றார்.

நான் அதை அக்காவிடம் தமிழில் சொன்னேன். அக்கா ஷூவை எடுத்தார். வளைத்தார், முகர்ந்தார், முஷ்டியை உள்ளே விட்டார். பென்சில் டிக் இருக்கும் இடத்தை விரித்துக் காட்டினார். காலியாக இருந்தது.

"இது நம்ம ஷூதான். நான் ரிஜெக்ட் பண்ணி ஒதுக்கி வெச்ச பெட்டில இருந்தது. எண்ணிக்கை கம்மியா இருக்குன்னு யாரோ எடுத்து உள்ள போட்டு அனுப்பிட்டாங்க. சொல்லு."

அதை அப்படியே சொன்னால் கம்பெனி மானம் போகும். மேனேஜர் என்னை உயிரோடு விட மாட்டார். நான் இங்கிலீஷில், "பேக்கிங்கில் சின்னதாக ஒரு குழப்பம் நடந்திருக்கலாம்" என்று வழவழவென்று ஆரம்பித்தேன்.

"ரிஜெக்ட்!"

அந்த ஹாலே திரும்பிப் பார்த்தது. "நீ சொன்னது ரிஜெக்ட்" என்றார் அக்கா. "எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா நீ மழுப்புறது தெரியுது. நான் சொன்னத அப்படியே சொல்லு. அறுபது பேர் சோறும்மா அது."

சொன்னேன். அப்படியே சொன்னேன்.

அவர் அந்த ஷூவை வாங்கி ஓரமாக வைத்தார். குனிந்தார். அவர் பார்வை என் காலில் நின்றது. கறுப்பு ஒன்று, பழுப்பு ஒன்று, இரண்டும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு.

"இது என்ன?"

மழுப்பக் கூடாது என்று சற்றுமுன்தான் பாடம் ஆகியிருந்தது. டிராம், கடைசி ஸ்டாப், தள்ளுவண்டி ஷூ, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் என் இடது காலில் இருந்த ஷூவைக் கழற்றச் சொல்லி வாங்கினார். தப்பான காலில் மாட்டி முக்கால் மணி நேரம் சிமென்ட் ரோட்டில் இழுபட்ட ஷூ. அதை வளைத்தார். முகர்ந்தார். முஷ்டியை உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றினார்.

அக்கா என் காதில், "இவனும் நம்ம ஆளுதான்" என்றார்.

ஒரு தையல்கூட விட்டுப்போகவில்லை. அவர் முதன்முறையாகச் சிரித்தார். அதன் பிறகு என் இங்கிலீஷுக்கு வேலையே இல்லை. அவர் மற்ற கம்பெனிகளின் சாம்பிள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அக்கா விரலால் குறையைத் தொட்டுக் காட்ட, இரண்டு பேரும் ஒரே குரலில் "ரிஜெக்ட்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நான் ஒரு காலில் ஷூவோடு உட்கார்ந்திருந்தேன். ஆர்டர் கிடைத்தது. ஒரே நிபந்தனை: ஒவ்வொரு ஷூவிலும் அக்காவின் பென்சில் டிக் இருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் கடற்கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எதிர்க்கரைக் கட்டடங்களில் விளக்கு வேடிக்கை ஆரம்பித்தது. பச்சையும் நீலமுமாகத் தண்ணீர் முழுக்க ஒளி. இதற்கும் டிக்கெட் இல்லை. அக்கா கண்ணைச் சுருக்கினார்.

"மூணாவது கட்டடத்துல ஒரு வரிசை பல்பு எரியல, பாரு."

எல்லாம் அணைந்து, கூட்டம் கலைந்த பிறகும் அக்கா நகரவில்லை. மெதுவாகச் சொன்னார்: "நம்ம லைன்ல இருக்கறதுங்க அறுபது பேரையும் கூட்டிட்டு வந்து, இந்தக் கம்பி ஓரமா வரிசையா நிக்க வெக்கணும்மா. ஒரு தடவ பாத்துட்டுப் போகட்டும்."

நான் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். இதுவரை மூன்று நாடுகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஏசி கார், பெரிய ஓட்டல், கதவைத் திறந்தால் எதிலும் இடிக்காத ரூம். அந்த ஊர்களில் என்ன பார்த்தாய் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் அக்கா போன் செய்தார். "ஏம்மா, பாஸ்போர்ட்ட புதுசு பண்ணிட்டேன். நம்ம காசுலயே எங்கயாச்சும் போய்ட்டு வரலாமா?" என்றார்.

எந்த ஊர் என்று இன்னும் முடிவாகவில்லை. நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.