மாமனாரின் காது

“காது கொஞ்சம் பெருசா இருக்கோ?” என்று மனைவி கேட்டதில்தான் வந்தது வினை.

படத்தில் இருந்தவர் அவளுடைய அப்பா. வரைந்தவர் அவளுடைய வீட்டுக்காரர்.

“அதான் நானும் பாத்தேன்,” என்றார் மாமனார், தாளைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு. “முதல்ல கண்ணுல படறதே காதுதான். உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு.”

வீட்டுக்காரர் கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் மாமனார் நேராகப் பேசமாட்டார். கல்யாணமானதிலிருந்து எல்லாச் சேதியும் மகள் வழியாகத்தான் போகும், வரும்.

காரணம் ஒரு சின்னக் கோளாறு. சம்பந்தம் பேச வந்த உறவுக்காரர், “பையன் பல் டாக்டர்கிட்ட இருக்கான்” என்று சொல்ல, மாமனார் காதில் அது “பல் டாக்டரா இருக்கான்” என்று விழுந்துவிட்டது. ஊரெல்லாம் சொல்லியும் ஆயிற்று. மாப்பிள்ளை டாக்டருக்குப் பல்செட் செய்துகொடுக்கிறவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. தன் காதில் விழுந்ததுதான் தப்பு என்று மாமனார் ஒத்துக்கொள்வாரா? அந்தப் பழக்கமே அவருக்குக் கிடையாது. ‘மாப்பிள்ளை’ என்கிற வார்த்தையை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார்.

பல்செட்டுக்காரருக்கு அது ஒன்றுதான் குறை. ஒரே ஒரு தடவை அந்த மனிதர் வாயால் ‘மாப்பிள்ளை’ என்று கேட்டுவிட வேண்டும். நல்ல வேளையாக, மாமனார் வீட்டில் தரையைப் பெயர்த்து டைல்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்குத் தூசி ஆகாது. மாமியார் அவரை அவசர அவசரமாக இங்கே அனுப்பிவிட்டு, வேலையாட்களைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கிவிட்டார்.

“அப்பாவை வரைங்க,” என்று யோசனை சொன்னவள் மனைவிதான். “எதிர்ல உக்காந்தா ரெண்டு வார்த்தை பேசித்தானே ஆகணும்?”

சொல்வது சுலபம். ஒருவரை வரைய வேண்டுமென்றால் அவரை முறைத்துப் பார்க்க வேண்டும். மாமனாரை முறைக்கிற தைரியம் எந்த மாப்பிள்ளைக்கு இருக்கிறது? இவர் நிமிர்ந்து பார்ப்பார்; அவரும் பார்ப்பார்; உடனே இவர் குனிந்து பென்சில் சீவுவார். பாதிப் பென்சில் சீவியே தீர்ந்தது. தொழில் பழக்கத்தில் கண் வேறு நேராகப் பல்லுக்கே போயிற்று. மாமனார் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

சரி, காதைக் குறைத்தாயிற்று. காது குறைந்ததும் கன்னம் வீங்கினாற்போல் தெரிந்தது. கன்னத்தை ஒட்ட வைத்தார். அந்த நேரம் பார்த்து மாடி வீட்டு டீச்சர் சாவி கொடுக்க வந்தார். வந்தவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

“ஐயோ பாவம், யாரு இது? ரொம்ப நாளா படுத்த படுக்கையா இருக்காரா?”

“கேட்டியாம்மா?” என்றார் மாமனார் மகளிடம். “நானும் அதையேதான் சொல்ல வந்தேன். குத்துக்கல்லாட்டம் இருக்கிறவனை ஆஸ்பத்திரியில சேத்துட்டார் உன் வீட்டுக்காரர்.”

நாற்காலியில் இருந்த முகத்தையும் தாளில் இருந்த முகத்தையும் டீச்சர் மாறி மாறிப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு மாடி ஏறியவர், அதற்கப்புறம் இந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் கன்னத்தை நிரப்பி, மீசையைக் கொஞ்சம் அடர்த்தியாக்கினார். மனைவி காபியோடு வந்தாள். எட்டிப் பார்த்தாள்.

“அட! சித்தப்பாவை அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருக்கே!”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சித்தப்பா என்றால் மாமனாரின் தம்பி. பொதுச் சுவரில் ஜன்னல் வைத்த தகராறில் அண்ணனும் தம்பியும் முகம் பார்த்து வருஷக்கணக்காகிறது.

மாமனார் தாளை வாங்கினார். கை நீட்டிப் பிடித்தார். முகம் சிவந்தது.

“அவனேதான்! அதே திருட்டு முழி! என்னை உக்கார வச்சுட்டு அவனை வரைஞ்சிருக்காரே!”

காபியைத் தொடாமல் எழுந்துபோய்ப் பையில் சட்டைகளைத் திணிக்க ஆரம்பித்தார்.

“தரை வேலை இன்னும் முடியலையேப்பா!”

“தூசியிலயே இருந்துக்கறேன். தூசி என்னை அவமானப்படுத்தாது.”

பல்செட்டுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ‘மாப்பிள்ளை’ பட்டம் வாங்கப் போய், ‘உன் வீட்டுக்காரர்’ பட்டமும் பறிபோய்விடும் போலிருந்தது. அழுகையே வந்தது.

“எல்லாம் உன் வாயாலதான்!” என்றார் சமையலறையில், குரலை அடக்கிக்கொண்டு.

“என் வாயா? உங்க கைக்கு வேற ஆளே கிடைக்கலையா? என் சித்தப்பாதான் வரணுமா?” ஆறிப்போன காபியைத் தொட்டியில் கொட்டினாள். “சரி விடுங்க. காதைப் பழையபடியே போடுங்க. அப்பா காது நிஜமாவே பெருசுதான். பெத்த அப்பாவை எப்படிச் சொல்றதுன்னு பாத்தேன்.”

புதுத் தாளை எடுத்தார். கூடத்தில் மாமனார் பையை மடியில் வைத்துக்கொண்டு, வண்டிக்காக வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அது வசதியாகப் போயிற்று. பல்செட்டுக்காரர் முதல் தடவையாகப் பென்சில் சீவாமல் அவரைப் பார்த்தார். கோபத்தில் இறுகிய தாடை, சட்டையில் தப்பாகப் போட்ட பொத்தான், போகவும் மனசில்லாமல் இருக்கவும் மனசில்லாமல் ஒரு முழி. இந்த மனிதருக்குப் போய் இத்தனை நாள் பயந்தோமே என்றிருந்தது. கை தானாக ஓடியது.

முடிக்கும் முன்பே மனைவி தாளைப் பறித்துக்கொண்டு போனாள்.

“அப்பா! கூப்பிட்டா திரும்பிப் பாப்பீங்க போல இருக்குப்பா!” என்றாள். கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

மாமனார் வேண்டாவெறுப்பாக வாங்கினார். கை நீட்டிப் பிடித்தார். தலையைச் சாய்த்தார். வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்; இவர் அசையவில்லை.

“ம்… இதுதான் நான்,” என்றார் கடைசியில். பிறகு மகளைப் பார்க்காமல், நேராக, “கை தேர்ந்துடுச்சு மாப்பிள்ளை.”

பல்செட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. ஓடிப்போய் வண்டியைத் திருப்பி அனுப்பினார். அதற்கப்புறம் மாமனார் மாப்பிள்ளையை விடவே இல்லை. பல்செட் எப்படிச் செய்வது என்பதிலிருந்து தம்பி ஜன்னல் வைத்தது வரைக்கும் பேச்சுத்தான். ஊருக்குக் கிளம்பும்போது படத்தைப் பையில் வைக்கக்கூட ஒத்துக்கொள்ளாமல் கையிலேயே சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

போய்ச் சேர்ந்த சேதியைச் சொல்ல மாமியார் போன் செய்தார்.

“படம் பாத்தீங்களா அத்தை?” என்று வெட்கத்தை விட்டுக் கேட்டார் பல்செட்டுக்காரர்.

“பாத்தேன் மாப்பிள்ளை, அவரேதான்! காது, கன்னம், மீசைன்னு நீங்க பட்ட பாட்டையெல்லாம் இங்க வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருக்கார். எனக்கு ஒண்ணுதான் புரியலை. கிட்டத்துல பாக்கிற கண்ணாடியை இங்கேயே மறந்து வச்சுட்டுக் கிளம்பிட்டாரே, அது இல்லாம கையில இருக்கிறது எதுவுமே அவருக்குத் தெரியாதே, அங்க இத்தனை நாளா எப்படித்தான் சமாளிச்சார்?”